ஒரே நாட்டில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள்: கத்தலோனியாவின் ‘பெசுக்’கும் அதன் வாரிசுகளும்

தமிழ்நாட்டில் ஒரு கம்யூனிஸ்ட் தோழர் ‘மாநிலக் குழு’ என்று சொன்னால், அது அகில இந்தியக் கட்சியின் ஓர் உறுப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. மத்தியக் குழு முடிவெடுத்தால் மாநிலக் குழு கட்டுப்பட்டாக வேண்டும். உலகில் பெரும்பாலான கம்யூனிஸ்ட் கட்சிகள் இப்படி அமைந்தவைதான். மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலம், ஒரு நாட்டில் ஒரே ஒரு கம்யூனிஸ்ட் கட்சிதான் இருக்க வேண்டும் என்று 1920லேயே விதி போட்டுவிட்டது.

ஸ்பெயினில் மட்டும் இரண்டு இருந்தன. ஒன்று ஸ்பானியக் கம்யூனிஸ்ட் கட்சி. மற்றொன்று, வடகிழக்கு மூலையில் பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கத்தலோனியாவுக்கு மட்டுமே உரிய கட்சி. அதன் முழுப்பெயர் கத்தலோனிய ஐக்கிய சோசலிஸ்ட் கட்சி. கத்தலான் மொழியில் அந்தப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பெசுக்’ என்பார்கள். பெயரில் கம்யூனிஸ்ட் இல்லையே என்று குழம்ப வேண்டாம். கொள்கை, கட்டுப்பாடு, மாஸ்கோ தொடர்பு என எல்லாவற்றிலும் அது கம்யூனிஸ்ட் கட்சிதான்.

இந்தக் கட்சியின் நீண்ட கதையைத் தொடர ஒரு கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: இது தனிக்கட்சியா, அல்லது ஸ்பானியக் கட்சியின் கத்தலோனியக் கிளையா? 1936இல் எழுந்த கேள்வி இது. வாரிசுகள் இன்றும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டும் இல்லாத, இரண்டுமாக இருந்த அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் கட்சியை வளர்த்தது என்பது என் கணிப்பு. அது உடைந்ததிலும் அந்த நிலைக்குப் பெரிய பங்கு உண்டு.

போருக்கு நடுவே பிறப்பு

கத்தலோனியாவுக்கு என்று தனி மொழி உண்டு, நெடிய வரலாறு உண்டு. 1932இல் ஸ்பானியக் குடியரசு அதற்குத் தன்னாட்சிச் சட்டம் கொடுத்தது. ‘ஜெனராலிதாத்’ என்ற பெயரில் சொந்த அரசும் அமைந்தது. ஸ்பெயினின் தொழில்துறை நெஞ்சமே அப்போது பார்சிலோனாதான். அவ்வளவு தொழிலாளர்கள் இருக்கும் ஊரில் கம்யூனிஸ்டுகள் பலமாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். இல்லை. தொழிலாளர்களில் பெரும்பகுதி அராஜகவாதிகளின் சி.என்.டி. தொழிற்சங்கத்தில் இருந்தார்கள். தேர்தலே வேண்டாம், அரசே வேண்டாம் என்று சொன்ன சங்கம் அது. கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் சின்னச் சின்னக் குழுக்களாகச் சிதறிக் கிடந்தார்கள்.

அந்தக் குழுக்களில் நான்கு, ஒன்றாகச் சேர்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. அதற்குள் 1936 ஜூலையில் ராணுவத் தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். ஜூலை 19 அன்று பார்சிலோனாத் தெருக்களில் சண்டை. கலகம் அங்கே தோற்றது. நான்கே நாளில், ஜூலை 23 அன்று, இணைப்பு நடந்து முடிந்தது. கத்தலோனிய சோசலிஸ்ட் ஒன்றியம், ஸ்பானிய சோசலிஸ்ட் கட்சியின் கத்தலோனியக் கூட்டமைப்பு, கத்தலோனியக் கம்யூனிஸ்ட் கட்சி, கத்தலோனியப் பாட்டாளிக் கட்சி ஆகிய நான்கும் பெசுக் ஆயின. ‘த்ரெபால்’ என்ற கட்சிப் பத்திரிகையின் முதல் இதழ் ஜூலை 21 தேதியிட்டது. அதாவது கட்சிக்கு முன்பே பத்திரிகை வந்துவிட்டது.

பொதுச்செயலாளர் ஆனவர் ஜுவான் கொமொரேரா. இவர் கம்யூனிஸ்டாக வளர்ந்தவர் அல்ல. சோசலிஸ்ட் ஒன்றியத்திலிருந்து வந்தவர், கத்தலோனியப் பற்று உள்ளவர். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

போர்க் காலத்தில் கட்சி வேகமாக வீங்கியது. சில ஆயிரம் பேருடன் தொடங்கியது, ஓராண்டுக்குள் பல பத்தாயிரம் பேர் என்று கணக்குச் சொல்லும் நிலைக்கு வந்தது. சோவியத் யூனியன் மட்டுமே குடியரசுக்குக் கணிசமாக ஆயுதம் கொடுத்த நாடு என்பதால் வந்த மதிப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் விசித்திரமானது. அராஜகவாதிகள் ஆலைகளையும் கடைகளையும் கூட்டுடைமை ஆக்கிக்கொண்டு போனார்கள்; அதைக் கண்டு பயந்த சிறு வியாபாரிகளும் குத்தகை விவசாயிகளும் பாதுகாப்புத் தேடி பெசுக் பக்கம் வந்தார்கள். ‘முதலில் போரை வெல்வோம், புரட்சி அப்புறம்’ என்பதுதான் கட்சியின் நிலைப்பாடு. ஒரு கம்யூனிஸ்ட் கட்சி சிறு சொத்துக்காரர்களின் காவலனாக நின்றது என்று எதிரிகள் கேலி பேசினார்கள். கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் போர்க் காலத்தில் ரொட்டி கிடைக்காமல் வரிசையில் நின்ற நகரத்தில், ஒழுங்கு வேண்டும் என்று சொன்னவர்களுக்குக் கூட்டம் சேர்ந்ததில் ஆச்சரியமும் இல்லை.

1937 மே மாதம் இந்த மோதல் துப்பாக்கிச் சண்டையாக வெடித்தது. பார்சிலோனாவின் தொலைபேசி நிலையம் சி.என்.டி. கையில் இருந்தது. மே 3 அன்று, பெசுக் கட்சியைச் சேர்ந்த காவல்துறை ஆணையர் அதைக் கைப்பற்றப் படையுடன் போனார். சில நாட்கள் நகரமெங்கும் தடுப்பரண்கள், குடியரசுக்குள்ளேயே உள்நாட்டுப் போர். சி.என்.டி.யோடு நின்றது ‘போம்’ என்ற சிறிய மார்க்சியக் கட்சி. ஸ்டாலினைக் கடுமையாக விமர்சித்த கட்சி. அதன் தலைவர் அந்திரேவு நின் ஜூன் மாதம் கைது செய்யப்பட்டார். சோவியத் உளவாளிகள் அவரைக் கொன்றார்கள். ‘போம்’ பாசிஸ்டுகளின் கையாள் என்ற பொய்ப் பிரச்சாரத்தில் பெசுக் பத்திரிகைகள் முன்னணியில் இருந்தன. கலகத் தளபதிகளின் தலைவராகி, பிறகு ஸ்பெயினின் சர்வாதிகாரியான பிராங்கோவைப் பின்னாளில் எதிர்த்து எவ்வளவு தியாகம் செய்தாலும் இந்தக் கறை கட்சியின் பெயரோடு ஒட்டியே இருந்தது. அப்படி ஒட்டியிருப்பது நியாயம்தான்.

1939 ஜனவரி 26 அன்று பிராங்கோவின் படை பார்சிலோனாவுக்குள் நுழைந்தது. கட்சித் தலைமை பிரான்சுக்கும் பிறகு பிற நாடுகளுக்கும் ஓடியது. அதே ஆண்டில்தான் கம்யூனிஸ்ட் அகிலம் தன் சொந்த விதியைத் தளர்த்தி, பெசுக்கைத் தனிப் பிரிவாக ஏற்றுக்கொண்டது. கொமொரேரா அதற்காகவே மாஸ்கோவில் வாதாடினார். கத்தலோனியா கையில் இருந்தபோது கிடைக்காத அங்கீகாரம், அது பறிபோன பிறகு கிடைத்தது.

கொமொரேரா

அங்கீகாரம் காகிதத்தில் இருந்தது. நடைமுறையில் ஸ்பானியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு இந்தத் தனிக்குடித்தனம் பிடிக்கவில்லை. நாடுகடந்த வாழ்வில் இரண்டு கட்சிகளும் ஒரே பணத்தையும் ஒரே தொடர்புகளையும் நம்பி இருந்தன. கொரில்லாப் போராட்டம், தலைமறைவு வேலை எல்லாவற்றையும் ஒரே மையத்திலிருந்து நடத்த வேண்டும் என்றது ஸ்பானியத் தலைமை. கொமொரேரா முரண்டு பிடித்தார்.

1948இல் ஸ்டாலினுக்கும் யூகோஸ்லாவியாவின் டிட்டோவுக்கும் முறிவு வந்தது. அதன் பிறகு உலகெங்கும் கம்யூனிஸ்ட் கட்சிகளில் ‘டிட்டோயிஸ்ட்’ வேட்டை நடந்தது. தேசிய உணர்வோடு பேசிய எவர் மீதும் அந்த முத்திரையைக் குத்தலாம். 1949இல் கொமொரேரா வெளியேற்றப்பட்டார். கட்சியை நிறுவிய பொதுச்செயலாளரே துரோகி, குட்டி முதலாளித்துவ தேசியவாதி என்று அறிவிக்கப்பட்டார்.

அவர் அடங்கவில்லை. 1951இல் எல்லை தாண்டி பார்சிலோனாவுக்கு ரகசியமாகத் திரும்பி, நானே உண்மையான பெசுக் என்று தனியாகப் பத்திரிகை அச்சடித்தார். 1954இல் பிராங்கோவின் காவல்துறை பிடித்தது. 30 ஆண்டு சிறைத்தண்டனை. 1958இல் பூர்கோஸ் சிறையில் இறந்துபோனார். அந்தச் சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அவர் அப்போதும் வெளியேற்றப்பட்ட மனிதர்தான்.

கொமொரேராவுக்குப் பிறகு ஒரு சமரசம் நிலைபெற்றது. ஸ்பானியக் கட்சி கத்தலோனியாவில் தனியாகக் கிளை வைக்காது. அங்கே பெசுக் மட்டும்தான். பெசுக்கின் பெயர், மத்தியக் குழு, மாநாடு எல்லாம் தனி. ஆனால் பெசுக் தலைவர்கள் ஸ்பானியக் கட்சியின் தலைமைக் குழுவிலும் உட்காருவார்கள். பொது அரசியல் வழி ஸ்பானியக் கட்சியின் வழிதான். ‘சகோதரக் கட்சி’ என்று பேர். இந்தியாவில் ஒரு ஒப்பீடு தேடினால் கிடைக்காது; ஜெர்மனியில் பவேரியாவுக்கு மட்டும் தனியாக இருக்கும் வலதுசாரிக் கட்சி அமைப்பில் இதற்குக் கொஞ்சம் நெருக்கமானது.

‘கட்சி’ என்றால் இதுதான்

1950களிலிருந்து 1977 வரையிலான தலைமறைவுக் காலம்தான் பெசுக்கின் பொற்காலம் என்று சொன்னால் முரணாகத் தெரியும். சட்டவிரோதம், சித்திரவதை, சிறை எல்லாம் நிறைந்த காலம்தான். ஆனாலும் அந்த ஆண்டுகளில் கத்தலோனியாவில் யாராவது தணிந்த குரலில் ‘கட்சிக்காரர்’ என்று சொன்னால், எந்தக் கட்சி என்று எதிரில் இருப்பவர் கேட்கமாட்டார்.

தொடக்கம் ஒரு டிராம் கட்டண உயர்வு. 1951 மார்ச் மாதம் பார்சிலோனா மக்கள் டிராமில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள். சர்வாதிகாரம் கட்டணத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று; அதைத் தொடர்ந்து பொது வேலைநிறுத்தமும் நடந்தது. இதைப் பெசுக் மட்டுமே நடத்தியது என்று சொல்ல முடியாது. மக்கள் கோபம் கட்சியை விடப் பெரிதாக இருந்தது. ஆனால் அடக்குமுறையில் சிக்கியவர்களில் முக்கியமானவர் பெசுக்கின் கிரெகோரியோ லோபெஸ் ரைமுண்டோ. பிடித்தார்கள், வழக்கு நடத்தினார்கள், பிறகு நாடுகடத்தினார்கள். அவர் ரகசியமாகத் திரும்பி வந்து கட்சியை உள்ளிருந்து நடத்தினார். 1965இல் பொதுச்செயலாளர் ஆனார்.

லோபெஸ் ரைமுண்டோ பிறந்தது கத்தலோனியாவில் அல்ல, அண்டையிலிருக்கும் அரகோனில். பிழைப்புக்காக பார்சிலோனா வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. பெசுக்கைப் புரிந்துகொள்ள இது முக்கியமான விவரம்.

1950 முதல் 1975 வரை, ஆந்தலூசியா, மூர்சியா, எக்ஸ்திரெமதூரா போன்ற தென்பகுதிகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கத்தலோனியாவுக்கு வேலை தேடி வந்தார்கள். பார்சிலோனாவைச் சுற்றி சாந்தா கொலோமா, கொர்னெல்யா, பதலோனா, சபதெல் போன்ற ஊர்கள் குடிசைகளும் அவசர அடுக்குமாடிகளுமாகப் பெருத்தன. சாலை கிடையாது, பள்ளி கிடையாது, சாக்கடை கிடையாது. வந்தவர்கள் பேசியது ஸ்பானிய மொழி. உள்ளூர் நடுத்தர வர்க்கம் பேசியது, பிராங்கோ பொதுவெளியில் தடைசெய்திருந்த கத்தலான் மொழி. ஒருவர் பார்வையில் மற்றவர் அந்நியர். வேறு எங்காவது என்றால் இது இனக் கசப்பாகவே முடிந்திருக்கும்.

பெசுக் இங்கேதான் தன் இரண்டுங்கெட்டான் தன்மையை மூலதனமாக்கியது. கத்தலோனியத் தேசியவாதிகளிடம் போய், நாங்கள் இந்த மண்ணின் கட்சி, எங்கள் பத்திரிகை கத்தலானில் வருகிறது, தன்னாட்சி எங்கள் கோரிக்கை என்று சொல்ல முடிந்தது. ஆந்தலூசியத் தொழிலாளியிடம் போய், நாங்கள் ஸ்பெயின் முழுவதும் இருக்கும் கம்யூனிஸ்ட் இயக்கம், உன் ஊரில் உன் அண்ணன் இருக்கும் கட்சியின் தோழர்கள் என்றும் சொல்ல முடிந்தது. கத்தலோனியாவில் வாழ்ந்து உழைப்பவர் எவரும் கத்தலோனியரே. மக்கள் இரண்டு சமூகங்களாகப் பிரியக் கூடாது. இதை மேடைப் பேச்சாக விடாமல் அமைப்பு வேலையாகச் செய்தார்கள். குடியேறிகள் கத்தலான் மொழியுரிமைக்குக் குரல் கொடுத்தார்கள்; கத்தலான் பேசும் மருத்துவர்களும் கட்டடக்கலைஞர்களும் குடிசைப் பகுதிகளின் குடியிருப்போர் சங்கங்களில் வேலை பார்த்தார்கள். என்னைக் கேட்டால் பெசுக்கின் பெரிய சாதனை இதுதான். எந்தத் தேர்தல் முடிவும் அல்ல. பின்னால் 1980களில் பள்ளி மொழிச் சட்டம் வந்தபோது, கத்தலான் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி, ஸ்பானிய மொழிக் குழந்தைகளுக்கு வேறு பள்ளி என்று பிரிக்காமல் ஒரே பள்ளி என்று இடதுசாரிகள் உறுதியாக நின்றதற்கு வேர் இந்த அனுபவத்தில் இருக்கிறது.

தொழிற்சங்க வேலையும் இதே பாணி. பிராங்கோவின் அரசுச் சங்கத்தைப் புறக்கணித்துவிட்டு வெளியே நிற்காமல், அதற்குள் நுழைந்து, ஆலைக்கு ஆலை தொழிலாளர் ஆணையங்கள் அமைத்தார்கள். 1964இல் பார்சிலோனாவின் சாந்த் மெதிர் தேவாலயத்தில் நடந்த கூட்டத்தில் இவை ஒருங்கிணைந்தன. ஆம், தேவாலயத்தில்தான். கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பிராங்கோ அரசுக்கும் இருந்த ஒப்பந்தத்தால் தேவாலய வளாகத்துக்குள் காவல்துறை எளிதில் நுழையத் தயங்கும். 1966இல் மாணவர்கள் சுதந்திரச் சங்கம் தொடங்கியதும் ஒரு கப்புச்சின் மடத்தில்தான். சுமார் 500 பேர் உள்ளே, வெளியே மூன்று நாள் காவல்துறை முற்றுகை. 1971 நவம்பர் 7 அன்று கத்தலோனியப் பேரவை என்ற பரந்த எதிர்ப்பு முன்னணி உருவானதும் சாந்த் அகுஸ்தி தேவாலயத்தில். கடவுள் இல்லை என்ற கட்சிக்குக் கூட்டம் நடத்த இடம் கொடுத்தது கோயில். அங்கே இதை யாரும் பெரிய வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழிலாளர் பகுதிப் பாதிரியார்கள் பலர் கட்சிக்கு நெருக்கமானவர்கள், சிலர் உறுப்பினர்கள்.

பேரவையின் முழக்கம் சுதந்திரம், பொதுமன்னிப்பு, தன்னாட்சிச் சட்டம். அதில் கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள், தேசியவாதிகள், சோசலிஸ்டுகள் எல்லோரும் இருந்தார்கள். ஓடியாடி அமைப்பைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் பெசுக். 1973இல் ஒரு கூட்டத்தில் 113 பேரை ஒரேயடியாகப் பிடித்தார்கள். பேரவை அத்தோடு நின்றுவிடவில்லை.

வெளிச்சத்துக்கு வந்தபோது

1975 நவம்பரில் பிராங்கோ இறந்தார். ஸ்பானியக் கம்யூனிஸ்ட் கட்சி 1977 ஏப்ரலிலும் பெசுக் மே மாதத் தொடக்கத்திலும் சட்டபூர்வமாயின. ஜூன் 15 அன்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் சுதந்திரத் தேர்தல். ஸ்பெயின் முழுவதிலும் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது சுமார் 9 சதவீதம், 20 இடங்கள். அந்த 20இல் 8 கத்தலோனியாவிலிருந்து மட்டும். அங்கே பெசுக்குக்கு 18 சதவீதம். சோசலிஸ்டுகளுக்கு அடுத்து வாக்கில் இரண்டாம் இடம். 1979இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது பார்சிலோனாவைச் சுற்றியிருந்த தொழிலாளர் ஊர்கள் பல பெசுக் கைக்கு வந்தன. சபதெலில் அந்தோனி ஃபர்ரேஸ் 20 ஆண்டு மேயராக இருந்தார். சாந்தா கொலோமாவின் மேயர் லுயிஸ் எர்னாந்தெஸ், ஒரு பாதிரியார்.

ஸ்பெயினின் 1978 அரசியல் சட்டத்தை எழுதிய எழுவரில் ஒருவர் பெசுக்கின் ஜோர்தி சொலே தூரா. அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு ஸ்பெயினின் பிரிக்க முடியாத ஒற்றுமையைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ‘தேசிய இனங்களின்’ தன்னாட்சி உரிமையையும் ஏற்கிறது. பெசுக்கின் இரட்டை வாழ்க்கையே ஒரு சட்டப்பிரிவானதுபோல இருக்கும் அதைப் படித்தால்.

1980இல், பிராங்கோ காலத்துக்குப் பிறகு கத்தலோனிய நாடாளுமன்றத்துக்கு முதல் தேர்தல். பெசுக் பட்டியலுக்குத் தலைமை தாங்கியவர் ஜோசெப் பெனெத், கத்தோலிக்க வரலாற்றாசிரியர். கிட்டத்தட்ட 19 சதவீதம், 135இல் 25 இடங்கள். அதற்குப் பிறகு அந்த அவைக்கான தேர்தலில் அந்த உயரத்தை எந்த வாரிசும் தொடவில்லை. ஆட்சி ஜோர்தி புஜோலின் மிதவாதத் தேசியவாதிகளிடம் போய், 23 ஆண்டுகள் அவரிடமே இருந்தது.

1981: ஐந்தாம் மாநாடு

25 இடங்கள் வென்ற கட்சி ஒரே ஆண்டில் எப்படி உடையும்?

முதலில் ‘யூரோ கம்யூனிசம்’ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1970களில் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் கம்யூனிஸ்ட் கட்சிகள், சோவியத் மாதிரி எங்களுக்குப் பொருந்தாது, பல கட்சி ஜனநாயகம் வழியாகவே சோசலிசத்துக்குப் போவோம் என்று சொல்லத் தொடங்கின. 1968இல் சோவியத் டாங்குகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்ததை ஸ்பானியக் கட்சியும் பெசுக்கும் கண்டித்தன. ஸ்பானியக் கட்சியின் சாந்தியாகோ கரியோ இந்தப் போக்கின் முகமானார். பெசுக்கில் ‘எல் குத்தி’ என்று எல்லோரும் அழைத்த மருத்துவர் அந்தோனி குத்தியேரெஸ் தியாஸ். 1977இல் லோபெஸ் ரைமுண்டோவுக்குப் பின் பொதுச்செயலாளர் ஆனவர் அவர்தான்.

கொள்கை தலைவர்களுக்குப் பிடித்தது. ஆலையில் வேலை பார்த்த உறுப்பினருக்கு என்ன கிடைத்தது? 1977 அக்டோபரில் அரசும் கட்சிகளும் செய்த மொன்க்லோவா ஒப்பந்தம் ஊதிய உயர்வுக்கு வரம்பு வைத்தது. கம்யூனிஸ்டுகள் அதில் கையெழுத்திட்டார்கள். பின்னாலேயே நெருக்கடி வந்தது, ஆலைகள் மூடின, வேலையின்மை ஏறியது. சர்வாதிகாரத்தில் அடிபட்டுச் சிறை போனவர்கள், ஜனநாயகம் வந்ததும் பொறுமையாக இருங்கள் என்று தங்கள் தோழர்களிடமே சொல்ல வேண்டி வந்தது. அந்தக் கசப்பு சோவியத் யூனியன் பற்றிய பழைய மரியாதையோடு சேர்ந்துகொண்டது.

அப்போது கட்சிக்குள் மூன்று அணிகள். யூரோ கம்யூனிஸ்டுகளின் தீவிரப் பகுதிக்கு ‘வெள்ளைக் கொடிகள்’ என்று பட்டப்பெயர். அவர்களில் பலர் முன்பு ‘செங்கொடி’ என்ற பிரிவுக் குழுவுக்குப் போய்த் திரும்பியவர்கள், அதனால் வந்த கிண்டல். சோவியத் ஆதரவாளர்களுக்கு ‘ஆப்கான்கள்’ என்று பேர். 1979 இறுதியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததை ஆதரித்ததால். இரண்டுக்கும் நடுவில் ‘லெனினிஸ்டுகள்’.

1981 ஜனவரியில் ஐந்தாம் மாநாடு. லெனினிஸ்டுகளும் ஆப்கான்களும் சேர்ந்து, ஆவணத்திலிருந்து ‘யூரோ கம்யூனிசம்’ என்ற சொல்லை வாக்கெடுப்பில் நீக்கினார்கள். லோபெஸ் ரைமுண்டோவும் குத்தியும் விலகினார்கள். பிரான்செஸ்க் ஃபுருதோஸ் பொதுச்செயலாளர். 1936இல் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரும் ‘த்ரெபால்’ பத்திரிகையின் முதல் ஆசிரியருமான பெரே அர்தியாக்கா தலைவர்.

இங்கேதான் பழைய கேள்வி திரும்ப எழுகிறது. மாட்ரிட்டில் இருந்த ஸ்பானியக் கட்சித் தலைமைக்கு, தன் வழியை வெளிப்படையாக நிராகரித்த ‘சகோதரனை’ ஏற்றுக்கொள்ள முடியவில்லை; அழுத்தம் கொடுத்தது. கூட்டணி சில மாதங்களில் உடைந்தது. அர்தியாக்கா தலைமையிலிருந்து அகற்றப்பட்டார், சோவியத் ஆதரவாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 1982இல் குத்தி மீண்டும் பொதுச்செயலாளர் ஆனார். வெளியேறியவர்கள் அந்த ஏப்ரலில் ‘கத்தலோனியக் கம்யூனிஸ்டுகள் கட்சி’ தொடங்கினார்கள், சுருக்கமாக பி.சி.சி. தொழில் ஊர்களின் பழைய ஊழியர்கள் பலரை அது அழைத்துக்கொண்டு போனது.

1982 அக்டோபர் பொதுத் தேர்தலில் பெசுக்குக்கு 4.6 சதவீதம், ஒரே ஓர் இடம். எட்டிலிருந்து ஒன்று. எல்லாப் பழியையும் மாநாட்டின் மேல் போடக் கூடாது. அந்த ஆண்டு ஸ்பெயின் முழுவதும் ஃபெலிப்பே கொன்சாலெஸின் சோசலிஸ்ட் அலை அடித்தது, கரியோவின் கட்சியும் நொறுங்கியது. ஆனால் அலை அடிக்கும்போது பெசுக் தோழர்கள் ஒருவரை ஒருவர் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

வாரிசுகள்

இதற்குப் பிறகு பெயர்கள் குவியும். முக்கியமானவற்றை மட்டும் பார்ப்போம்.

1986இல் பொதுச்செயலாளர் ஆன ரஃபேல் ரிபோ, சிதறியதைச் சேர்க்க 1987இல் ‘கத்தலோனிய முன்முயற்சி’ என்ற கூட்டணியைத் தொடங்கினார். பெசுக், பி.சி.சி., இடதுசாரித் தேசியவாதிகளின் சிறு குழு ஒன்று என மூன்றும் அதில். போகப்போக அந்தக் கூட்டணியே கட்சியானது, பசுமை அரசியலைச் சேர்த்துக்கொண்டது, ‘கம்யூனிஸ்ட்’ அடையாளத்தைத் தளர்த்தியது. 1997இல் பெசுக் தன் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. அதே காலத்தில், ஸ்பானியக் கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய ‘ஐக்கிய இடது’ கூட்டணியோடு ரிபோவின் கட்சி முறித்துக்கொண்டது. பிரச்சினை மறுபடியும் அதேதான்: மாட்ரிட் சொல்வதை பார்சிலோனா கேட்க வேண்டுமா?

கட்சியை மூட மறுத்தவர்கள் ‘உயிருள்ள பெசுக்’ என்று பெயர் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். மூடியவர்கள் மேல் வைத்த குத்தல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1998இல் இவர்களும் பி.சி.சி.யும் மற்றவர்களும் சேர்ந்து ‘ஐக்கிய மாற்று இடது’ அமைத்தார்கள். ஆக, பெசுக்கின் குடும்பம் இரண்டு வீடானது: பசுமை வீடு, சிவப்பு வீடு. பின்னர் இரண்டும் தேர்தலுக்கு மட்டும் கைகோத்தன. 2003இல் சோசலிஸ்டுகள், ‘குடியரசு இடது’ என்ற கத்தலோனியத் தேசியவாதக் கட்சி ஆகியோருடன் சேர்ந்து புஜோல் காலத்தை முடித்து வைத்த மூன்று கட்சி ஆட்சியில் 9 இடங்களோடு பங்கேற்றன.

2014இல் பி.சி.சி.யும் உயிருள்ள பெசுக்கின் ஒரு பகுதியும் சேர்ந்து ‘கத்தலோனியாவின் கம்யூனிஸ்டுகள்’ ஆயின. 2015இல் வீட்டுக் கடன் வெளியேற்றங்களை எதிர்த்துப் போராடிய அதா கொலாவ் பார்சிலோனா மேயரானார். அவரைச் சுற்றி உருவான ‘கொமுன்ஸ்’ என்ற பொதுமை இயக்கத்தில் இரண்டு வீட்டாரும் சேர்ந்தார்கள். கொலாவ் கம்யூனிஸ்ட் அல்ல. ஆனால் அவரோடு வந்த பழைய ஊழியர்கள் பலர் பெசுக் மரபினர்.

2017இல் தனிநாடு கோரிக்கை உச்சத்துக்கு வந்தபோது அந்த மரபு எப்படி நின்றது என்று பாருங்கள். தனிநாடு பற்றிய பொதுவாக்கெடுப்புச் சட்டம் செப்டம்பரில் கத்தலோனிய நாடாளுமன்றத்துக்கு வந்தது. இந்த மரபினர் இருந்த அவைக் குழுவைச் சேர்ந்த ஜுவான் ஜோசெப் நுவெத், அவையின் நிர்வாகக் குழு உறுப்பினராக, அதை விவாதத்துக்கு எடுக்க வாக்களித்தார். அதே குழுவின் ஜுவான் கோஸ்குபியேலா, பழைய தொழிற்சங்கத் தலைவர், எதிர்க்கட்சிகளின் உரிமையை நசுக்கிச் சட்டம் போடக் கூடாது என்று கடுமையாகப் பேசினார்; தனிநாட்டை எதிர்த்த கட்சிகள் எழுந்து கைதட்டின, சொந்தக் குழுவில் பலர் தட்டவில்லை. அக்டோபரில் ஸ்பெயினின் ஒற்றுமைக்காக பார்சிலோனாவில் நடந்த பேரணி மேடையில் பேசியவர், 1981இல் பெசுக் பொதுச்செயலாளரான அதே ஃபுருதோஸ். நுவெத் பின்னர் தனிநாடு கோரும் குடியரசு இடதின் பட்டியலில் போய்ச் சேர்ந்தார்.

பசுமை வீடு 2019இல் கடன் சுமையோடு கடையை மூடியது. அதிலிருந்தவர்கள் 2021இல் ‘பசுமை இடது’ தொடங்கி, கொமுன்ஸுக்குள்ளேயே இருக்கிறார்கள். சிவப்பு வீட்டிலும் பிளவு: ஸ்பானிய ஐக்கிய இடது, ஐக்கிய மாற்று இடதோடு முறித்துக்கொண்டு, கத்தலோனியாவில் புதிய கிளை ஒன்றை 2019இல் அமைத்தது. 2024 கத்தலோனியத் தேர்தலில் கொமுன்ஸ் மொத்தமாக வென்றது 6 இடங்கள்.

மேல்மட்டத்தில் இத்தனை பெயர் மாறியபோதும், விமான நிலையம் இருக்கும் எல் பிராத் ஊரில் லுயிஸ் தெஹெதோர் 1982 முதல் 2019 வரை 37 ஆண்டு மேயராக இருந்தார். பெசுக் சார்பில் தொடங்கி, பசுமை வீடு வழியாக, கொமுன்ஸ் வரை வந்து ஓய்வுபெற்றார். அந்த ஊர் வாக்காளரிடம் வாரிசு யார் என்று கேட்டால், எந்தச் சுருக்கெழுத்தையும் விட அவர் பெயரைச் சொல்வதுதான் எளிது.